வெளிர் நிறச் சருமத்துக்கு மட்டும்

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க மேடம், உட்காருங்க" என்றார். மேடம் உட்காரவில்லை. கையில் அவருடைய காலை டீயோடு நின்றாள். தன் டம்ளர் இந்த அம்மாள் கைக்கு எப்படிப் போனது என்று அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குனிந்து செருப்பைப் பார்த்தார். செருப்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார். பதினைந்து வருடமாக அவரிடம் சம்பளம் வாங்குகிறவள். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மனிதருடைய பார்வை இந்த லட்சணத்தில் இருந்தது. "அட, நீயா?" என்றார். அன்று முழுக்க அந்த ஆச்சரியம் அவர் முகத்தை விட்டுப் போகவில்லை.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் இரண்டே பெண்கள். அதனால் ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். இப்போது மேடமாகிவிட்டவள் பெரியவள். வேலைக்குச் சேரும்போது அவளுக்கு வாசல் பக்கத்து நாற்காலிதான். வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் கொடுப்பது, காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது, முகம் பார்க்கக் கண்ணாடி பிடிப்பது. மூன்றாம் வருடம் உதட்டோரத்தில் அரிசியளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. அது புருவத்துக்குப் போனபோது ஒரு வாடிக்கையாளர் அவள் நீட்டிய ஃப்ரேமை வாங்காமல், மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கைக்குட்டையால் எடுத்தார். அன்று சாயங்காலமே முதலாளி, "கொஞ்ச நாள் உள்ள இரும்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

உள்ளே என்பது ஜன்னல் இல்லாத அறை. லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்க்கிற இயந்திரம் ஒன்று, குழல்விளக்கு ஒன்று, எந்நேரமும் காற்றில் மிதக்கிற வெள்ளைத் தூள். அவள் கை அந்த வேலையில் அப்படித் தேறிவிட்டது, அவள் வெட்டிய லென்ஸ் ஃப்ரேமில் ஏறினால் ஒரு தலைமயிர் நுழைய இடமிருக்காது. முகம்தான் கைக்கு அடங்கவில்லை. வெள்ளை பரவப் பரவ, தன் பழைய மாநிறத்தில் ஒரு களிம்பை வாங்கி அதன் பின்னாலேயே துரத்திக்கொண்டு பூசினாள். அசல் நிறம் எது, பூசிய நிறம் எது என்று அவளுக்கே சில சமயம் குழம்பும். களிம்பின் விலையைப் பற்றிப் புருஷன் பேசாத மாதம் இல்லை. அவனும் வண்டியில் கொண்டுவந்து விடும்போது தன் சிநேகிதர்களின் பட்டறைக்கு ஒரு தெரு முன்னாலேயே அவளை இறக்கிவிடுவான். பெட்ரோல் மிச்சமாம்.

சின்னவள் வந்து நான்கு வருடம். நல்ல கறுப்பு, அதைவிட நல்ல குரல். முரண்டு பிடிக்கிற கிழவர்கள்கூட அவள் "மூக்க கொஞ்சம் நிமித்துங்கய்யா" என்றால் நிமிர்த்துவார்கள். மத்தியானம் அவள் உள்ளறைக்கு வந்துதான் சாப்பிடுவாள். பெரியவள் குடித்த டம்ளரிலேயே தண்ணீர் குடிப்பாள், கழுவாமல். அந்த ஒரு காரியத்துக்காகவே பெரியவள் அவளுக்காக உயிரை விடலாம் என்று நினைத்ததுண்டு. ஆனால் சின்னவள் உட்காருகிற நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரியவள் அந்தக் காலத்தில் நகத்தால் சுரண்டிச் சுரண்டி உண்டாக்கிய பள்ளம். கடையைப் பெருக்கும்போதெல்லாம் அவள் கை அதில் போய் நிற்கும். பாசமும் உண்மை, பள்ளமும் உண்மை.

அவளை மேடமாக்கிய புட்டியை அன்று காலை, முதலாளி வருவதற்கு முன், வாங்கி வந்தவள் சின்னவள்தான். கட்டைவிரல் உயரம், ஃபவுண்டேஷன் என்கிற முகப்பூச்சு. மலிவு, பெரியவளின் களிம்பு ஒன்று வாங்குகிற காசில் இதில் ஆறு வாங்கலாம். மேலே ஒட்டியிருந்த தாளில் வெளிர் நிறச் சருமத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது. இதை எனக்கு எதற்கு வாங்கினாய் என்று பெரியவள் கேட்டாள்.

"அக்கா, வெள்ளையத் துரத்தித் துரத்திப் பூசுறீங்களே, மிச்சம் எவ்வளவு இருக்குன்னு என்னைக்காவது பாத்தீங்களா? மூக்குல ரெண்டு பக்கம், தாடையில ஒரு துளி. அவ்வளவுதான் பழசு. வெள்ளைதான் இப்ப நீங்க. அந்தக் கொஞ்சத்த மறைச்சிட்டா வேலை முடிஞ்சுது."

கணக்கு சரிதான். கையும் கழுத்தும் எப்போதோ முழுசாக வெளுத்துவிட்டன. அவற்றை மூடத்தான் கழுத்து மூடிய முழுக்கைச் சட்டை. என்றாலும் பன்னிரண்டு வருடம் சண்டை போட்ட எதிர்க்கட்சியில் திடீரென்று போய்ச் சேரச் சொன்னால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். அவள் அழுதாள். சின்னவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, முகத்தைத் துடைத்து, இரண்டு சொட்டுப் புறங்கையில் எடுத்தாள். முதல் பூச்சில் மாநிறத்தின் மேல் அது சாம்பல் பூத்துப்போய்ப் பிணக்களை தட்டியது. துடைத்துவிட்டுத் தன் பையிலிருந்து செம்மஞ்சள் உதட்டுச் சாயத்தை எடுத்து, மூக்கின் இரு பக்கமும் தாடையிலும் மெல்லத் தீற்றினாள். அதற்கு மேல் மறுபடி ஃபவுண்டேஷன். தேய்க்காமல், கட்டைவிரலால் ஒற்றி ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். காய்வதற்கு இரண்டு நிமிடம். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். பெரியவள்தான் அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்திருந்தாள்: நேராகப் பிடித்தால் தாடை பெருக்கும், கொஞ்சம் மேலே தூக்கிச் சாய்த்துப் பிடி. கண்ணாடியில் ஒரே நிறத்தில் ஒரு சிவப்பழகி இருந்தாள். அவள் யாரென்று தெரியாவிட்டாலும் பெரியவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்று மாலை புருஷன் சிநேகிதர்களின் பட்டறை வாசலில் வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். மறுநாள் முதலாளி, கூட்டம் அதிகம் என்று சொல்லி ஒரு மணி நேரம் அவளை வாசல் பக்கம் நிற்கச் சொன்னார். அதற்கடுத்த நாள் மத்தியானம் வரைக்கும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்கள், இங்கே மடமே எழுந்து வந்து மடியில் உட்கார்ந்தது. நான்காம் நாள் அவர் பெரியவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

கடைக்கு ஒரு வெளிச்சம் வேண்டும் என்றார். நீ முன்னால் நின்றால் வருகிறவர்களுக்கு ஒரு மதிப்பு வருகிறது என்றார். உள் வேலைக்கு ஆள் தேட வேண்டாம், சின்னவளுக்குப் பழக்கிவிட முடியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "உனக்கு அதுல ஏதும் சங்கடமா?" என்று அவள் முகத்தையே பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு நேர்மையான கேள்விதான். வேண்டாம் சார் என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பெரியவளுக்கு அந்த அறையின் தூள் நெஞ்சுக்குள் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்தால் ரெண்டு வருஷத்துல என் குரலே எனக்கு மறந்துடும்க்கா என்று சின்னவள் ஒருமுறை சொன்னதும் வந்து நின்றது. எல்லாம் வந்து நின்றபிறகு அவள் சொன்னாள்:

"அவளுக்கு நிதானமான கை சார். உள் வேலைக்குன்னே பொறந்தவ."

பாராட்டிப் பேசியதில் ஒரு நிம்மதியும் இருந்தது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. முதலாளி சின்னவளிடம் போய், "கொஞ்ச நாள் உள்ள இரும்மா" என்றது அவள் காதில் விழுந்தது. அதே வாக்கியம், அதே குரல். அவர் அதைப் பன்னிரண்டு வருடமாக அப்படியே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.  சின்னவள் முன்னாலிருந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து மத்தியானம் இரண்டு பேரும் தனித்தனி நேரத்தில் சாப்பிட்டார்கள். முகம் பூசும் வேலையைப் பெரியவளே வீட்டில் செய்துகொள்ளப் பழகிவிட்டாள்.

திரும்பக் கிடைத்த நாற்காலியில் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. பவர் அதிகமுள்ளவர்கள் தங்கள் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருக்கிற கண்ணாடியில் தங்கள் முகமே தெரியாது. ஆகவே, நீங்க போட்டுக் காட்டுங்க, எனக்குப் பொருந்துமான்னு பார்க்கிறேன் என்பார்கள். ஃப்ரேம் போட்டால் மூக்கில் உட்காருகிற அந்த இரண்டு சின்ன ரப்பர் பொட்டும் எங்கே உட்காரும் என்று பெரியவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் உள்ளே திரும்பி, "ஏய், இங்க வா, இதப் போட்டுக் காட்டு" என்பாள். சின்னவள் தூள் படிந்த தலையோடு வந்து, போட்டு, இரு பக்கமும் திரும்பிக் காட்டிவிட்டுப் போவாள். ஏய் என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது எந்த நாள் என்று பெரியவளுக்கே நினைவில்லை.

பத்தாம் நாள் வந்த அம்மாள் பெரிய இடம். தடித்த லென்ஸ், நல்ல வெளுப்பு. வந்ததிலிருந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நம்ம மாதிரி ஆளுங்களுக்குத் தங்கநிற ஃப்ரேம்தானே எடுப்பு என்றாள். அந்த நம்ம என்ற வார்த்தை பெரியவளுக்கு வெல்லமாக இனித்தது. வழக்கம்போல அவள் உள்ளே குரல் கொடுக்க, சின்னவள் வந்து தங்கநிற ஃப்ரேமைப் போட்டு நின்றாள். அம்மாள் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ போட்டா என்ன தெரியும்? தார் ரோட்டுல கோடு போட்ட மாதிரி இருக்கு."

முதலாளி சிரித்தார். கடை முதலாளி சிரிப்பது வியாபாரம். பெரியவளும் சிரித்தாள். சின்னதாகத்தான், உதட்டை விட்டு வெளியே வராத சிரிப்பு. ஆனால் சுற்றிலும் கண்ணாடி மாட்டிய கடையில் எந்தச் சிரிப்பையும் ஒளிக்க முடியாது. சின்னவள் அதை மூன்று கண்ணாடிகளில் பார்த்தாள்.

அவள் ஃப்ரேமைக் கழற்றினாள். லென்ஸ் துணியால் துடைத்தாள். "அக்கா போட்டுக் காட்டட்டும் மேடம். அக்காதான் உங்க நிறம்" என்றாள். அம்மாளுக்கு அது சரியாகப் பட்டது. பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவளே கம்பிகளை விரித்து, அவள் காதுகளுக்கு மேல் ஏற்றி, உட்கார்த்தினாள். பிறகு மூக்குமேல் வருகிற நடுப்பாலத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பூசியபோது ஒற்றிய அதே விரல், அதே நிதானம். "கொஞ்சம் லூசா இருக்கு" என்று சொல்லி, இப்படியும் அப்படியும் இரண்டு முறை அசைத்துப் பார்த்தாள். பெரியவள் அவள் கண்களைப் பார்த்தாள். அவற்றில் கோபமாவது இருக்கும் என்று தேடினாள். வாடிக்கையாளரைப் பார்க்கிற கவனம் மட்டும்தான் இருந்தது.

அம்மாளுக்கு ஃப்ரேம் பிடித்துவிட்டது. இதையே கொடுங்க என்றாள். சின்னவள் ஃப்ரேமை மெதுவாகக் கழற்றினாள்.

மூக்கின் இரு பக்கமும் தோல் திறந்துகொண்டதுபோல இருந்தது. வெள்ளை வழிந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. அடியில் செம்மஞ்சள் சாயம் கசிய, அதற்கும் அடியில் இரண்டு மாநிறத் துண்டுகள். அம்மாளின் கை பெரியவளின் கையிலிருந்து எப்போது விலகியது என்று தெரியவில்லை; அவள் தன் கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியை அவள் பெரியவளிடம் கேட்கவில்லை. "இதென்ன இது, புண்ணா? ஒட்டுமா?" என்று சின்னவளிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் சின்னவள். "அதுதான் அக்காவோட சொந்த நிறம்."

முதலாளி மேஜையின் மறுபக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பெரியவளின் கை அந்த நாற்காலியின் கைப்பிடிக்குப் போய்ப் பள்ளத்தை இறுகப் பிடித்தது. சின்னவள் ரப்பர் பொட்டுகளில் ஒட்டியிருந்ததை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்து, துணியை நான்காக மடித்து வைத்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து, பெரியவளின் முகத்துக்கு எதிரே, கொஞ்சம் மேலே தூக்கி, தாடை பெருக்காதபடி சாய்த்துப் பிடித்தாள்.