பயந்தாங்கொள்ளியின் வலது கண்

வலது கண்ணின் விழித்திரையில் மூன்று புள்ளிகள் இருப்பதாக டாக்டர் சொன்னார். நான் கண்ணாடி மாற்றத்தான் வந்திருந்தேன். அதுவும் அத்தை இழுத்து வந்ததால். அவர் மகள், என் மனைவி, இந்த ஆஸ்பத்திரியில்தான் விழித்திரையைப் படம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அவள் இறந்த பிறகு நான் இந்தப் பக்கமே வரவில்லை.

சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, சூரியனை வெறித்துப் பார்த்தேனா, சின்ன வயதில் பூனை வளர்த்தோமா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பழைய தழும்பாக இருந்தால் விட்டுவிடலாம், புதிதாக வந்து வளர்வதாக இருந்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். கண் போனால் பிழைப்பு போயிற்று. பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு எதுவும் வரவில்லை.

அத்தைக்குத்தான் ஒரு சந்தேகம்.

"அழாம அடக்கி வச்சா இப்படி வருமா டாக்டர்? இவர் ஒரு சொட்டு விடல."

டாக்டர் சிரிக்கவில்லை. அப்படி எங்கேயும் படித்ததில்லை என்று மட்டும் சொன்னார். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். கணினியில் தேடினார். என் பெயரில் எதுவும் இல்லை.

கேமராவின் அருகில் நின்றிருந்த பெண், என் மனைவியிடம் வேலை கற்றவள், தயங்கிச் சொன்னாள்.

"சார் பேர்ல இருக்காது டாக்டர். அக்கா வேற பேர்ல போட்டிருப்பாங்க."

காலையில் முதல் நோயாளி வருமுன் யாராவது ஒருவர் கண்ணைப் படம் எடுத்துக் கேமராவைச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். மிஷினுக்கு ஒரு கண் வேண்டும் என்று என் மனைவி எப்போதாவது என்னைக் கூட்டி வருவாள். வீட்டு ஆட்களின் கண்களைப் பட்டப்பெயரில் சேமிப்பார்களாம்.

அந்தப் பெண் 'பயந்தாங்கொள்ளி' என்று தட்டினாள்.

திரையில் என் வலது கண் வரிசையாக வந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து, வருடம் தவறாமல். எல்லாவற்றிலும் மூன்று புள்ளிகள். கடைசிப் படம் அவள் படுக்கையில் விழுவதற்குச் சற்று முன் எடுத்தது.

டாக்டர் ஒவ்வொன்றாக அளந்தார். இம்மிகூட வளரவில்லை என்றார். எதனால் வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க சார்," என்றாள் அந்தப் பெண். "சொன்னா ராத்திரியெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டே கிடப்பீங்களாம். அப்ப இருந்த பெரிய டாக்டர்கிட்ட மட்டும் காட்டுவாங்க."

"கட்டினவனுக்கு வைக்கிற பேரைப் பாரு," என்றார் அத்தை. அவர் கை என் முதுகில் இருந்தது.

இந்த வருடப் படத்தையும் எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். எந்தப் பெயரில் என்பதுபோல் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அதே பேர்ல," என்றேன்.

முக்காலியில் உட்கார்ந்து, தாங்கியில் மோவாயை வைத்தேன். உள்ளே பச்சைப் புள்ளி. இமைக்காமல் அதையே பார் என்பாள் என் மனைவி.

"சார், கண்ணுல தண்ணி நிக்குது. படம் மங்கும்."

"அவசரம் இல்லம்மா," என்றார் அத்தை. "நிதானமா எடு."

பச்சைப் புள்ளி பெரிதாகி, விளிம்பு கலைந்து, மெல்ல இருட்டு முழுவதும் பரவியது.