மேடையின் உயரம் மூன்றடி

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கட்டடக்கலைக் கொள்கைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்த ஊர்களை அவசரமாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த காலம். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஓர் அளவைச் சிலர் தேடினார்கள்; மனித உடம்பையே அளவுகோலாக்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் யாருடைய உடம்பு? அவர்கள் வரைந்த படத்தில் ஆறடி ஆண் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவனைச் செஞ்சிக்குக் கூட்டிவந்தால் என்ன ஆகும்?

2

முதல் தொடக்கம்: 1949 ஆவணியில், ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன்...

வேண்டாம். மலையை உள்ளே விட்டால் மனிதர்களுக்கு இடமிருக்காது. (அதன் மேலிருக்கும் செஞ்சிக் கோட்டையின் படிகளும் எவனோ ஒருவன் காலுக்கு அளவெடுத்தவைதான். ஏறியவர்களைக் கேளுங்கள்.)

இரண்டாவது: அதே ஆவணி. செஞ்சிக்கு வெளியே பங்குனியில் பத்துக் குடிசைகள் எரிந்தன. அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடக்கின்றன. அரசாங்க ஓவர்சீர் இருதயநாதன் அவர்களுக்காக மாதிரி வீடு ஒன்றைக் கட்டி முடித்துவிட்டான். வியாழக்கிழமை சென்னையிலிருந்து எஞ்சினியர் வந்து கையெழுத்துப் போட்டால் மீதி ஒன்பதும் எழும்.

வரைபடம் இருதயநாதனுடையது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கண்ட ஆறடி மனிதனை அப்படியே படியெடுத்து அடுப்படியில் நிற்க வைத்திருந்தான். அவன் இடுப்புக்கு எட்டும்படி அடுப்பு மேடையை மூன்றடி உயரத்தில் கட்டினான். பெண்கள் நின்று சமைத்தால் முதுகு நிமிரும் என்று மனமார நம்பினான். (அவனை முட்டாளாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். முடியவில்லை. அவன் நம்பியதில் பாதி சரி.)

3

புதன்கிழமை, புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்க்க, ராயம்மாளைச் சமைக்கச் சொன்னான். வீடு எரிந்தவர்களில் ஒருத்தி. அங்கேயே கலவை சுமப்பவள். நாலடி ஏழங்குலம். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு தம்பி இவரு?"

"யாருமில்லக்கா. அளவுக்கு."

"கையை இன்னாத்துக்குத் தூக்கினு நிக்கிறாரு?"

"எவ்ளோ எட்டும்னு காட்டறதுக்கு."

"அவரா களி கிண்டப் போறாரு?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

தண்ணீர் கொதித்தது. கேழ்வரகு மாவைக் கொட்டினாள். பானையின் வாய் அவள் மோவாய்க்கு நேராக இருந்தது. துடுப்பை அழுத்த முடியவில்லை.* தரையில் இறக்கிக் கிண்டலாம் என்றால், அடுப்படியில் நிற்பவனுக்கு மட்டுமே இடம் விட்டிருந்தது. பானையை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் களி கட்டி தட்டிப்போயிற்று.

"சோறு வடிக்கலாமேக்கா" என்றான்.

"அரிசி நீ குடுக்கறியா? ரேஷன்ல வாங்கினு வந்து பாரு."

* களி கிண்டுவது கைவேலை அல்ல. பானையைத் தரையில் வைத்து, கவைக்கோலால் அமுக்கிப் பிடித்து, உடம்பின் கனத்தை மேலிருந்து துடுப்பில் இறக்க வேண்டும். எந்தக் கொள்கையிலும் இதைப் படித்த நினைவு எனக்கில்லை.

4

"எஞ்சினியர்கிட்ட சொல்லிடறேன். வேற படம் போடறேன்."

"சொன்னா இன்னா ஆவும்?"

"படம் திரும்பிப் போவும். மறுபடி அனுமதி வர நாலஞ்சு மாசம்."

"ஐப்பசி மழையில எங்கள அந்தத் தாழ்வாரத்துலயே கெடக்கச் சொல்றியா? வாயை மூடிக்கினு இரு. வீடு வரட்டும். மேடையை நாங்க ஒடச்சிக்கறோம்."

"நீங்க ஒடைப்பீங்க. இது நல்லாருக்குதுன்னு கையெழுத்தாச்சுன்னா, இதே படம் நூறு ஊருக்குப் போவுமேக்கா."

"அங்க இருக்கிறவங்களுக்குக் கை இல்லியா?"



5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) உண்மையைச் சொல்லிவிடுகிறான். நீங்கள் மெச்சுகிறீர்கள். பத்துக் குடும்பங்கள் நனைகின்றன.

(ஆ) பேசாமலிருக்கிறான். வீடுகள் எழுகின்றன. பார்த்திராத ஊர்களில், பார்த்திராத பெண்கள் மோவாய் உயரத்தில்...

(இ) எஞ்சினியரே களியைத் தின்று பார்த்து மனம் மாறி... இதை அடித்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் முடித்தால் அவனை நல்லவனாக்கிவிடுவேன். அது எனக்குச் சுலபம்.

வியாழக்கிழமை. எஞ்சினியர் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். "குறை ஏதாவது உண்டா, ஓவர்சீர்?" வாசலில் ராயம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இருதயநாதன் வாயைத் திறக்கிறான்.

அடுத்த வார்த்தையை நீங்கள் போடுங்கள். நனையப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.