சத்தம் போதாத டிவி

பச்சையப்பன் வீட்டுப் பழைய டிவி ஒரு மத்தியான நேரத்தில் புகை விட்டு அடங்கிப் போனது. அது தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டில் இருக்கும் அவருடைய தங்கை கொடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அரசாங்கமே டிவி கொடுத்த வருஷம், தன் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதென்று அதைத் தூக்கி அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். அவர் இருக்கும் நகரி ஆந்திராவில் இருப்பதால் இந்தப் பக்கம் யாருக்கும் அப்படி எதுவும் வரவில்லை.

பழையது போனதில் அவர் மனைவி மனோரமாவுக்கு வருத்தமில்லை. இருப்பதே ஒற்றை அறை. அதில் அவள் தறிக்குத் தார் நூல் சுற்றும் ராட்டினம் ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம் என்றால் மீதி இடத்தை அந்தப் பெட்டியின் முதுகே அடைத்துக்கொண்டிருந்தது. அலமாரித் தட்டிலேயே நிற்கிற மாதிரி தட்டையாக, சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகள் உதயாவும் அதையே சொன்னாள். அவள் அனுப்பிய பணத்தோடு இருவரும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனார்கள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. விற்கிற பெண் தெலுங்கில் என்னென்னவோ சொன்னாள், மனோரமா தலையாட்டினாள். பச்சையப்பன் படத்தை மட்டும் பார்த்தார். படத்தில் ஒருத்தி அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய பெரிய டிவிகளில் அந்த அரக்கு ரத்தச் சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் தெரிந்தது. கடைசி வரிசையில் இருந்த இருபத்துநாலு இஞ்சில் மட்டும்தான் அது அரக்காகவே இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேலை நெய்கிறவருக்கு அது போதும். அதையே கட்டச் சொன்னார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு புத்தூர் வழியாக ஊர் வந்து சேரும்வரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

சாயங்காலம் கேபிள்காரர் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதைப்போல வந்தது. பச்சையப்பன் ரிமோட்டை எடுத்து ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மனோரமா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் சாத்துகிறாள் என்று அவர் யோசிக்கவில்லை.

தட்டை டிவியில் ஸ்பீக்கர் பின்னால் இருக்கும், சத்தம் அப்படித்தான் என்று தறிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். கூட வேலை பார்க்கும் வெங்கடசாமி வீட்டு டிவியும் அதே மாதிரிதானாம். தறிக்கூடத்தில் சொன்னார்கள் என்றால் வாயை அகல அசைத்து, கையைக் காட்டிச் சொன்னார்கள். பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடுகிற இடத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. பதினேழு வயதில் உள்ளே நுழைந்தவர் நுழைந்த மாதமே வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜெயம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்று மனோரமாவிடம் கையை ஆட்டி ஏதோ பேசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர் முடிவு செய்துவிட்டார். இந்த டிவி பீஸ் சரியில்லை, மாற்றிக்கொண்டு வருவோம் என்றார்.

மனோரமா அவருக்கு எதிரில் வந்து நின்று சொன்னாள்: "வேணாம்யா. எனுக்கு நல்லாத்தான் கேக்குது. இருக்கட்டும் வுடு."

"துட்டு குடுத்து வாங்கினு வந்துட்டு ஊமைப்படம் பாக்கச் சொல்றியா?" என்றார்.

அதற்கு மேல் அவள் தடுக்கவில்லை. மறுபடியும் பெட்டி மடியில் ஏறியது, மறுபடியும் திருப்பதி.

கடையில் மெக்கானிக் ஒருவர் டிவியை மேஜைமேல் வைத்து இணைத்தார். பச்சையப்பன் சத்தத்தை ஏற்றச் சொன்னார். மெக்கானிக் ஏற்றினார். இன்னும் என்றார். மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் ஏற்றினார். "இன்னும் வை. இதான் கடைசியா?" என்று பச்சையப்பன் கேட்டார்.

அப்போதுதான் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டார். பிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை வாயைத் திறந்து அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று கையைக் கீழே கீழே என்று ஆட்டினார். பச்சையப்பன் பக்கத்தில் திரும்பினார். மனோரமா இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் கைகளைச் சட்டென்று இறக்கிவிட்டாள்.

மெக்கானிக் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவரிடம் பேசாமல் மனோரமாவிடம் பேசினார். "சவுண்டு பாகானே உந்தி கதம்மா", சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது என்ற அளவுக்கு உதட்டில் பிடித்தார் பச்சையப்பன். அதற்குப் பிறகு சொன்னதைப் பிடிக்க அவர் முயலவில்லை. பெட்டியைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி ஜாடை காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில், சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். புத்தூர் பஸ் ஒன்று வந்து போனது. ஏறவில்லை.

"உனுக்கு எப்போலேந்து தெரியும்?" என்று கேட்டார்.

மனோரமா பெஞ்சிலிருந்து எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். "உதயா காலேஜ்ல சேந்தப்பவே."

அவள் எழுந்து முன்னால் வந்து நின்ற விதத்தில்தான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறாள். சமையலறையிலிருந்து கூப்பிட்டதே இல்லை. கரண்டியோடு நடந்து வந்து எதிரில் நின்று, முகத்தைக் காட்டி, வாயை நிதானமாக அசைத்துத்தான் பேசுவாள். உதயா போன் செய்தால் டவர் சரியில்லை என்று இவர் போனை அவளிடம் கொடுத்துவிடுவார். அவள் பேசி முடித்து வந்து எதிரில் நின்று சொல்வாள். ஊரே தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் தாம் தறிக்கூடத்திலேயே இருந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லி இன்னா பண்றது?"



உதயா விடவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து அவரைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. நரம்பு செத்துவிட்டது, தறிச் சத்தம் தின்றுவிட்டது, இனி அது திரும்பாது, வேண்டுமானால் காதுக்கு மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் வெளியே வந்து எதிரில் நின்று சொன்னாள். அம்மாவைப் போலவே அவளுக்கும் அது பழகியிருந்தது.

மிஷின் வைத்தார்கள். வைத்ததும் சத்தம் வந்தது. பஸ், பாத்திரம், விசிறி, மனோரமாவின் குரல் எல்லாம் ஒரே தகரத்தைப் பிறாண்டுவது போல வந்தது. டிவியைப் போட்டால் அதற்குள் ஒரு தறி ஓடியது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிப் பார்த்தார். பிறகு அது பீரோவுக்குள் போயிற்று.

டிவி அலமாரித் தட்டில் நின்றது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அதன் எதிரில்தான் உட்காருவார். வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதில் நகரியில் தம்மை மிஞ்ச ஆளில்லை, டிவியில் பேசுகிறவன் மட்டும் என்ன கொம்பு முளைத்தவனா என்று ஆரம்பத்தில் ஒரு தெம்பு இருந்தது. மனோரமா பார்க்கும் தொடரில் மாமியாரும் மருமகளும் பேசுவதை உற்றுப் பார்த்தார். ஒரு சொல் பிடிபடவில்லை. உதடு ஒன்று சொல்லிக்கொண்டே போனது. எந்தப் பாஷையிலும் அது சேரவில்லை. தம் கண்ணும் போய்விட்டதோ என்று பயந்துபோனார். வடக்கே எடுத்த தொடர், தமிழில் குரல் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், வாய் பேசுவது இந்தி என்று மனோரமா எதிரில் வந்து நின்று விளக்கினாள்.

தமிழ்ச் செய்தி மட்டும் பிடிபட்டது. வாசிக்கிறவர் நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆனால் சின்னத் திரை. அதில் முகம் சின்னது. வாய் அதைவிடச் சின்னது. ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். அப்படி உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் மனோரமாவுக்கு அவருடைய முதுகுதான் தெரியும். அவள் ராட்டினத்தை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவர் பார்த்தார், அவள் கேட்டாள். ஒரு வருஷம் அப்படிப் போனது. எதிரில் வந்து நிற்பது மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சோறு போட்டால் தட்டை வைக்கும் அசைவே சொல்லிவிடும். அதற்கு வார்த்தை எதற்கு?

அந்தக் கோடையில் கரெண்ட் அடிக்கடி போயிற்று. ஒருநாள் மத்தியானமே தறிகள் நின்றுவிட, பச்சையப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். கரெண்ட் வந்தால் பார்க்கலாம் என்று வழக்கமான இடத்திலேயே, அணைந்த டிவிக்கு எதிரில் பக்கத்துப் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தார். தூங்குகிறார் என்று மனோரமா நினைத்திருக்கவேண்டும். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். கறுத்த திரையில் அவள் முகம் மங்கலாக, ஆனால் முழுசாக விழுந்திருந்தது. பார்க்கவேண்டும் என்று அவர் பார்க்கவில்லை. வாய் அசைந்தால் படிப்பது அவருடைய கண்ணுக்குப் பழக்கம்.

உதயா தோழிகளோடு சேர்ந்து அங்கே வீடு எடுத்திருக்கிறாள், கம்பெனிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாவை வந்து கூட இருக்கச் சொல்கிறாள் என்பது அவளுடைய பதில்களிலிருந்தே தெரிந்தது.

"எப்டிடி வர்றது? உங்க நைனாவ யார் பாப்பாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் மகள் சொல்வதைக் கேட்டாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "வாய் வலிக்குதுடி. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சுப் போயி மூஞ்சிய காட்டிக்கினு நிக்கணும். இப்பல்லாம் பேசணும்னே தோண மாட்டேங்குது. ஒருத்தர்கிட்ட பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

கரெண்ட் வந்தது. திரையில் முதலில் நீல வெளிச்சம், பிறகு விளம்பரம். அவள் முகம் அதில் மறைந்துபோனது. பச்சையப்பன் திரும்பாமல் அந்த விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், "உதயாகூட போயி இருந்துட்டு வா. பொண்ணு தனியா கஷ்டப்படுது" என்றார்.

மனோரமா எழுந்து வந்து எதிரில் நின்றாள். "யார் சொன்னது உனுக்கு?"

"யாரும் சொல்லல. எனுக்கா தோணுச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். "சோறு?" என்றாள்.

"மெஸ்ல துன்னுக்கறேன்."

வேண்டாம், உன்னை விட்டுவிட்டு எங்கே போவேன் என்று சொல்வாள் என்று அவருக்குள் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. மறு வாரமே துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொன்னாள். அவரும் அதை நம்புகிற மாதிரி தலையாட்டினார்.

பத்து நாள் ஆடிப் பண்டிகை வரைக்கும் நீண்டது. அங்கிருந்து தீபாவளிக்குப் போனது. தனியாக இருக்கும்போது டிவியின் சத்தம் எவ்வளவில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஜெயம்மா இரண்டு தடவை வீட்டுக்குள்ளேயே வந்து, அவரைப் பார்க்காமல் ரிமோட்டை எடுத்துக் குறைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை வரவிடாமல் அவரே சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டார். செய்தி வாசிக்கிறவரை மட்டும் பார்த்தார். எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல். அதை யாரிடமும் போய்ச் சொல்வதற்கில்லை.

தீபாவளிக்கு மனோரமா வந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்ததும் வீட்டைப் பெருக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். உதயாவைப் பற்றி, தோழிகளைப் பற்றி, அந்தத் தெருவைப் பற்றி. குனிந்துகொண்டு பேசினாள், திரும்பிக்கொண்டு பேசினாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். எதிரில் வந்தபோதும் வேகமாகப் பேசினாள். கேட்கிற மனுஷர்களோடு பேசிப் பேசி அவள் வாய்க்கு அந்த நிதானம் விட்டுப்போயிருந்தது. பச்சையப்பனுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. தலையாட்டினார். சிரிக்கிற இடம் என்று தோன்றியபோது சிரித்தார்.

அவள் நிறுத்தினாள். அவர் சிரித்தது தப்பான இடம் என்று அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இன்னொரு தடவை சொல்வாள் என்று முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் டிவியைப் போட்டாள். தமிழ்ச் செய்தி வரும் சேனலைத் தேடி வைத்துவிட்டு, அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டியில் அவளை ஏற்றிவிட்டார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் ஏதோ சொன்னாள். கம்பி குறுக்கே விழுந்ததால் பாதி உதடுதான் தெரிந்தது. வண்டி நகர்ந்தது. சரி என்று தலையாட்டினார். கடைசிப் பெட்டி போகிறவரை நின்றிருந்துவிட்டு, சாயங்கால ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே தறிக்கூடத்துக்கு நடந்தார்.