மலையேறும் நாளில் வீட்டுக் காவல்

எங்கள் ஊரில் யாருக்கும் நூறு வயது ஆவதில்லை. தொண்ணூற்றொன்பது வரும், அடுத்த வருஷமும் தொண்ணூற்றொன்பதே வரும், ஆள் போகிற வரைக்கும் அதுதான் வயது. நூறு என்று வாய்விட்டுச் சொன்னால் எமதர்மன் 'அட, இந்த ஆளை மறந்தே போனோமே' என்று நிமிர்ந்து உட்காருவானாம். என் மாமனார் சியூ மாவ்கென்னுக்கு இது இரண்டாவது தொண்ணூற்றொன்பது.

இதனால் கிராமத் தலைவர் மூ என்பவருக்குத் தூக்கம் போனது. ஊர் முகப்பில் 'நீண்ட ஆயுள் கிராமம்' என்று பலகை வைக்க அவருக்கு ஆசை. பலகை வந்தால் சுற்றுலாப் பேருந்து வரும், எங்கள் ஓடைத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கலாம். மாமனார் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல காலமாகிறது, அவர் குடிப்பது அரிசி மது. அதை யாரும் கேட்கவில்லை. பலகைக்கு ஊரில் நூறு வயதுக்காரர் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது மாவட்டத்து விதி. அடையாள அட்டை போதாது. பக்கத்து ஊரில் எண்பது வயதுக்காரர் ஒருவரை அட்டையிலேயே நூறாக்கிவிட்டார்கள். அதிலிருந்து பெரியவரே கேமரா முன்னால் தன் வாயால் வயதைச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆய்வுக்கு மாவட்டத்தார் பொறுக்கிய நாள் எங்கள் சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி. முதியோரைப் போற்றும் நாள். அன்றைக்கு ஊரே மலையேறும். முன்னொரு காலத்தில் கொள்ளைநோய் வரப்போகிறது என்று தெரிந்து ஒரு குடும்பம் மலைக்கு ஓடியதாம். சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால் கோழி, நாய், மாடு எல்லாம் முற்றத்தில் செத்துக் கிடந்தன. ஆட்களைத் தேடி வந்த சாவு, வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதிலிருந்து அன்று பகலில் யாரும் வீட்டில் தங்கக் கூடாது. யாரும் என்றால், சமைக்கிறவளைத் தவிர யாரும். மலையிலிருந்து பசியோடு வருகிறவர்களுக்குச் சோறு வேண்டுமே.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. எனக்கும் அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அன்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து, போனவர்கள் திரும்பி வந்து கதவு தட்டும் சத்தம் கேட்கும் வரைக்கும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருப்பேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் மிச்சம் இருப்பது கோழியும் நாயும் நானும் என்று எண்ணிப் பார்த்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அன்று விடிந்ததும் என் வீட்டுக்காரர் மதுப் புட்டியையும் சீட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டு, கெட்டது அண்டாமல் இருக்கச் சட்டையில் சிவப்புப் பழக் கிளையைச் செருகிக்கொண்டு, கூட்டாளிகளோடு மலைக்குப் போய்விட்டார். அவருக்கும் எழுபது ஆகப்போகிறது, ஆனாலும் பண்டிகை வந்தால் கன்றுக்குட்டிதான். அவர் போனதும் போற்றுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் மாதர் சங்கம். மாமனாரின் கால்களை வாளியில் வைத்துக் கழுவிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வந்து கழுவினார்கள். அவர்கள் போய் ஈரம் காய்வதற்குள் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் வாளியோடு வந்து நின்றார்கள். கிழவருக்குக் கால் ஊறிச் சுருங்கிவிட்டது. போற்றுவது அவர்கள், வெந்நீர் போட்டது நான். முதியோர் என்றால் யார் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நாற்காலியில் இருப்பவர் முதியவர், அடுப்படியில் இருப்பவள் வேலையாள்.

மாமனார் காலையிலிருந்து ஒரே பல்லவிதான் பாடிக்கொண்டிருந்தார். மலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போன வருஷம் வரைக்கும் மூங்கில் நாற்காலியில் தூக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இந்த வருஷம் தலைவர் மூ முடியவே முடியாது என்றார். மலைக்காற்று ஆகாது, நெஞ்சு தாங்காது, பெரியவர் ஊரின் சொத்து என்று கண்கலங்கப் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் தலைவரின் யானைக்குச் சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருந்தால்தான் விலை.

பத்து மணிக்கு மாவட்டத்திலிருந்து சுவாங் என்ற அதிகாரியம்மா கேமராக்காரரோடு வந்தார். மாமனார் தோளில் மஞ்சள் பட்டையைப் போட்டார்கள். அதிகாரியம்மா குனிந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், தாத்தாவுக்கு என்ன வயசு என்று கேட்டார்.

"தொண்ணூத்தொம்பது."

"போன வருஷம்?"

"தொண்ணூத்தொம்பது."

தலைவர் மூ கெஞ்சினார், முறுக்கினார், காதில் ஏதோ ஓதினார். கிழவர் அசையவில்லை. இந்த நாளில், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த எண்ணையும் சொன்னால் எமனுக்கு வழி கேட்கிற வேலையும் மிச்சம் என்றார். மலைமேல் போனால் எமனுக்கு அதிகாரம் கிடையாது, அங்கே வேண்டுமானால் சொல்கிறேன் என்றார்.

அதிகாரியம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. சாமந்திப் பூ நடுவே, மலை உச்சியில், நூறு வயதுப் பெரியவர். படம் நன்றாக இருக்கும். அவர் சரி என்றதும் தலைவருக்கும் கிழவரின் நெஞ்சு திடீரென்று உறுதியாகிவிட்டது. மூங்கில் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். கேமரா இருப்பதால் முன்பக்கக் கழியைத் தானே தோளில் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, எறங்கி வர்றப்ப எல்லாருக்கும் சாப்பாடு தயாரா இருக்கட்டும். வாத்துக் கறி கொஞ்சம் கூடவே வைங்க, மேடத்துக்குப் பிடிக்கும்."

நான் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், தெரியவில்லை.

"நானும் மலைக்கு வரேன்," என்றேன்.

தலைவர் சிரித்தார். "நீங்க எதுக்கு அண்ணி? வீட்ட யாரு பாத்துக்கறது?"

"எனக்கும் சாகறதுன்னா பயமா இருக்கு தம்பி."

அதிகாரியம்மா இவர் யார் என்பதுபோலத் தலைவரைப் பார்த்தார். தலைவர், பெரியவரின் மருமகள், நல்ல கைப்பக்குவம் என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டு, போகலாம் என்று கழியைத் தூக்கப் போனார். அப்போதுதான் மாமனார் நாற்காலியிலிருந்து ஊறிய காலைக் கீழே ஊன்றினார்.

"இவ வரலேன்னா எனக்குத் தொண்ணூத்தொம்பதுதான்."

"பெரியப்பா, அவங்க வந்தா சமையலு..."

"தொண்ணூத்தொம்பது," என்றார் மறுபடியும், கேமராவைப் பார்த்து. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பாசத்துல ஒண்ணும் சொல்லல. இவ போயிட்டா நாளைக்கு எனக்குக் கஞ்சி யாரு வைப்பா?"

அவர் வாயிலிருந்து அதைவிட நல்ல வார்த்தை வராது என்று எனக்குத் தெரியும். அடுப்பில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டேன், நாயையும் கூப்பிட்டுக்கொண்டேன். போகிறதுதான் போகிறோம், அவை மட்டும் என்ன பாவம் செய்தன?

மலைப்பாதை நான் நினைத்ததைவிடச் செங்குத்து. தலைவருக்குப் பாதி வழியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. நாற்காலியில் இருந்தவர் அவ்வப்போது, காத்து ஆகாதுன்னு சொன்னியே, இழுத்துப் போத்திக்கோ என்று அவருக்கு அக்கறையாகப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

உச்சியில் நாற்காலியை இறக்கினார்கள். கேமராக்காரர் தயார் என்றார். மாமனார் சுற்றிலும் பார்த்தார், வானத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல, நூறு என்றார்.

மைக்கில் விழவில்லை, இன்னொரு தரம் என்றார் கேமராக்காரர்.

ஒருமுறை சொல்வதற்கே அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது முறை சொல்லும்போது அவர் கை என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டது. நூறு. எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் மூ குனிந்து கும்பிட்டார், தன் தாய் தகப்பனுக்குக்கூட அப்படிக் கும்பிடு போட்டிருக்கமாட்டார்.

கைதட்டல் கேட்டு, சீட்டாடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிவந்த முகத்தோடு எழுந்து வந்தார். அப்பாவைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அதற்குள் அதிகாரியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தலைவரைக் கேட்டார். தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ ஏன் இங்க நிக்கற? வீட்ல யாரு இருக்கா?"

கீழே ஊர் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூரையை நான் மேலேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. புகை இல்லாமல் சும்மா கிடந்தது.

"யாரும் இல்ல," என்றேன். "இன்னைக்கு யாரும் இருக்கக் கூடாதாமே."