அடுத்த சோதனைத் தேதி

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குத் 'தசமம்' என்று பெயர். மணி கேட்டால் பத்தேகால் என்று சொல்லமாட்டாள்; பத்து பதினாறு என்பாள். சர்க்கரையைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் டீயில் போடுவாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிளப்பிவிட்ட கதை பொய். ஒரே ஒரு தடவைதான் நிறுத்தாள்.

அப்பேர்ப்பட்டவள் இரண்டு வருடமாக ஒரு தப்பைத் தெரிந்தே செய்துகொண்டிருந்தாள்.

குடிநீர் வாரியத்துப் பொறியாளர் ஒருவர் பம்ப்பில் மாட்டும் 'கேஜ்' என்கிற அழுத்தமானியைச் சோதிக்கக் கொண்டுவருவார். சோதித்து முடித்ததும் அதன் முதுகில் அடுத்த சோதனைத் தேதி போட்டுச் சீட்டு ஒட்டவேண்டும். வழக்கம், ஒரு வருடம். அவர் முதன்முதலாக வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு காலுறையின் ஓட்டையை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டு நின்றபோது, அவள் ஆறு மாதம் என்று எழுதினாள். கை தவறிவிட்டது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த தடவையிலிருந்து மூன்று மாதம். இத்தனை தடவை தவற அது என்ன பச்சைப்பிள்ளையின் கையா?

கொண்டுவந்த கருவி அறையின் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மூன்று மாதமும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையாவது வாயைத் திறந்தியாடி?" என்று போனில் அக்கா கேட்பாள்.

"பேசினோமே. கேஜ் பத்தி."

"ரெண்டு மணி நேரமும் கேஜ் பத்தியா? உங்க ரெண்டு பேரையும் கட்டி வெச்சா, பொறக்கிறதும் கேஜாத்தான் இருக்கும்!"

சிரித்துவிட்டுப் போனை வைப்பாள். பிறகு, அவர் உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார மனம் வராமல் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவர் டீ குடித்த காகிதக் கோப்பையின் விளிம்பைப் பிரித்துப் பிரித்து வைத்திருப்பார். அதைக் குப்பையில் போட அவளுக்கு இரண்டு நாள் ஆகும்.

கூடத்துக்குப் புதிதாக வந்த மேலாளரம்மாவுக்குக் கழுகுக் கண். பழைய பதிவுகளைப் புரட்டியவர் இவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடைசி அஞ்சு தடவையும் இந்த கேஜோட அளவு ஒரு மயிரிழை நகரலையே? பம்ப்புல மாட்டினது இப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல. இதுக்குப் போய் மூணு மாசமா? ரெண்டு வருஷம் போடு."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றாள். விதி அப்படித்தான். நன்றாக இருக்கும் கருவிக்குக் கெடுவை நீட்டவேண்டும். இரண்டு வருடம் என்றால் எழுநூற்று முப்பது நாள்.

அவர் வரும் நாளுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "மழை வரும்போல இருக்கே" என்றார் அவர். "ஈரப்பதம் எழுபத்தெட்டு" என்றாள் இவள். போயேபோய்விட்டது இரண்டு மணி நேரம்.

சோதித்தாள். முள் பழைய அளவிலிருந்து நகரவில்லை. சீட்டை ஒட்டினாள், கோணலாக விழுந்தது. அவள் வேலையில் அப்படி நடந்ததே இல்லை.

அவர் வாசித்தார். "ரெண்டு வருஷமா?"

"நல்ல கேஜ் சார். நகரவே இல்ல."

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. "எப்படி மேடம் நகரும்? அந்த பம்ப்பைக் கழட்டி ஒன்றரை வருஷமாச்சு."

"அப்போ இது?"

"என் டிராயர்ல இருக்கு. துணி சுத்தி வெச்சிருக்கேன். தேதி வந்தா எடுத்துட்டு வருவேன்."

அவள் கருவியைத் திருப்பிப் பார்த்தாள். அதன் திருகு மரையில் அவளுடைய ஸ்பேனர் பட்ட தடங்களைத் தவிரப் புதிதாக ஒரு கீறலும் இல்லை. தூசியைக்கூடப் பூதக்கண்ணாடியில் தேடுகிறவளுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. பார்த்ததெல்லாம் கொண்டுவந்த ஆளைத்தானே!

"பயன்பாட்டுல இல்லாததுக்குத் தேதி போடக்கூடாது சார்," என்று நகத்தால் சீட்டை உரித்தாள். "விதி."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ இனிமே கொண்டுவர வேண்டாமா?"

"வேண்டாம்."

அவர் கேஜைத் துணியில் சுற்றினார். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. மூன்றாவது மடிப்புக்குள் சொல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"கேஜ்தான் வேண்டாம்னு சொன்னேன்," என்றாள். "நீங்க வாங்க."

துணி அவர் கையில் அப்படியே நின்றது.

"எப்போ?"

எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது, பக்கத்தில் நாட்காட்டி. தசமம் இரண்டையும் பார்க்கவில்லை.

"சீக்கிரம்," என்றாள்.