சுவரில் கெட்டியான இடம்

ரஸ்ஸலைக் கண்டால் மேபலுக்கு ஆகவே ஆகாது. பெற்ற மகள்தான், பதினோரு மாதம்தான். ஆனால் அவன் தூக்கக் கை நீட்டினால் போதும், வீடு இரண்டுபட அலறுவாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று வாரம் மேற்கே பாலைவனச் சுரங்கத்தில், ஒரு வாரம் லான்செஸ்டன் ஊரில் வீட்டில் என்று விமானத்திலேயே பிழைப்பவனை எந்தக் குழந்தைதான் அப்பன் என்று நம்பும்?

"விருந்தாளி வந்தா பிள்ளை அழத்தானே செய்யும்" என்று சிரித்தாள் மனைவி கொரீன். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது.

இந்த லீவு முடிவதற்குள் மேபல் ஒரு தடவையாவது தன்னிடம் கை நீட்ட வேண்டும். அதற்காகவே மகளின் அறையை அலங்கரிக்கக் கிளம்பினான், பைத்தியக்காரன். சுவரில் ஆள் உயரத்துக்கு மரப் பேனல் போன லீவிலேயே ஒட்டியாகிவிட்டது. இப்போது அதன்மேல் கட்டம் கட்டமாக, மெல்லிய மரப்பட்டியான பீடிங் அடிக்க வேண்டும்.

பீடிங் பசையில் மட்டும் நிற்காது. பேனலுக்குப் பின்னால், சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தில் ஆணி இறங்க வேண்டும். சட்டம் எங்கே என்று விரல்முட்டியால் தட்டித்தான் கண்டுபிடிப்பான். டொம் என்றால் வெறும் பொந்து. டொக் என்றால் சட்டம். ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சீராக வந்தன. ஜன்னலோரம் மட்டும் கணக்கில் வராத ஒரு டொக். நூறு வருஷத்து வீடு, எவனோ உபரியாகச் செருகியிருப்பான் என்று அதிலும் நாலு ஆணி அடித்தான்.

மறுநாள் காலை, அந்த முனையில் பீடிங் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினான். டொம். நகர்ந்து நகர்ந்து தட்டினான். டொக் இரண்டு சாண் தள்ளிக் கேட்டது, தொட்டில் பக்கமாக.

மேலும் கீழும் தட்டித் தட்டி, கெட்டியான இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தான். புள்ளிகளைச் சேர்த்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தான். தலை இருந்தது. தோள் இருந்தது. கிட்டத்தட்ட அவன் உயரம்.

கொரீன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னய்யா இது, கட்டம் போடுறேன்னு சொல்லிட்டுப் பூதம் வரைஞ்சு வச்சிருக்கே?"

"நான் வரையல. நீயே தட்டிப் பாரு."

"உனக்கு வெயில்ல மூளை உருகிடுச்சு" என்றபடி தட்டினாள். தோளுக்கு வெளியே டொம். உள்ளே டொக். இன்னொரு தடவை தட்டினாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ரஸ், இந்தக் கோடு தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளித்தானே இருக்கு?"

"ஆமா, கெட்டியா இருந்த இடத்தை ஒட்டித்தான் போட்டேன்."

"அப்ப கோட்டுக்கு வெளியே, தொட்டில் பக்கம் ஏன் இப்ப டொக்குங்குது?"

அவ்வளவுதான். தொட்டிலை வெளியே தள்ளினான். கடப்பாரையை எடுத்துவந்து, தானே ஒட்டிய பேனலைத் தானே பெயர்த்தான். நாலு நாள் உழைப்பு நாலே நிமிஷத்தில் தரைமட்டம். உள்ளே தூசி, எலிப் புழுக்கை, பழைய செய்தித்தாள். ஆளுமில்லை, ஒரு மண்ணுமில்லை. டார்ச் அடித்து மூலைவரை பார்த்தான்.

"ஒண்ணுமில்லடி!"

"நிஜமா?"

"வந்து பாரேன். வெறும் பொந்து."

கொரீனுக்கு உயிர் வந்தது. "உன் ஆர்வக்கோளாறுல என்னையும் பைத்தியமாக்கிட்டியே" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தையைக் கம்பளத்தில் உட்கார வைத்துவிட்டு, டீக்குக் கெட்டிலைப் போடப் போனாள். ரஸ்ஸல் முழங்காலிட்டு மரத்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். இன்னும் பெயர்க்காத எதிர்ச்சுவர் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நிமிர்ந்தால், மேபல் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்! கன்னம் குழிய, இருக்கிற மூன்று பல்லும் தெரிய. இரண்டு கையையும் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, தூக்கு தூக்கு என்கிறாள். ஐயோ, அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

"வாடி என் தங்கம், அப்பாகிட்ட வா" என்று அள்ளி எடுத்தான்.

எடுத்த மாத்திரத்தில் அலறினாள். திமிறினாள். அவன் நெஞ்சை ஒரு முழங்கையால் தள்ளிவிட்டு, அவன் தோளுக்கு மேலே, பின்னாலிருந்த அந்த எதிர்ச்சுவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே அழுதாள்.