உதாரணத்துக்கு ஒரு நாய்

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை. கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. போனிலிருந்து ஆஸ்பத்திரி இயந்திரம் வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று விளக்கம் எழுதுவதும், கூடவே சின்னச் சின்ன உதாரண நிரல்கள் வைத்து அவை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் பிழைப்பு. இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் நாத்தனார், “அப்போ நீ கம்ப்யூட்டர் செய்யல. கம்ப்யூட்டரைப் பத்திக் கட்டுரை எழுதுற” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு எழுத்தாளரம்மா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை வாரம் ஒருமுறையாவது எனக்கு நினைவூட்டிவிடுவார்.

உண்மையைச் சொன்னால், கட்டுரையைக்கூட யாரும் படிப்பதில்லை. உதாரணத்தை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதேதான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் எழுதும் ஒவ்வொரு உதாரணத்திலும் கிறுக்குத்தனமாக ஒரு வரியைத் திரையில் காட்டும்படி வைத்துவிடுவேன். எடுத்துப் போடுகிறவன் அதைப் பார்த்து வெட்கப்பட்டாவது கை வைத்து மாற்றுவான், மாற்றும்போது மற்றதையும் ஒரு பார்வை பார்ப்பான் என்று ஒரு நப்பாசை. காவல் நாய் உதாரணத்தில் நான் வைத்த வரி, “நாய் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டாச்சா?”

காவல் நாய் என்றால் நிஜ நாய் இல்லை. இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன கடிகாரம். முக்கியமான வேலை செய்யும் நிரல், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட, அதற்கு அடிக்கடி சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சோறு வரவில்லையென்றால், எஜமான் மயங்கி விழுந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு அது ஊரைக் கூட்டும். என் உதாரணத்தில் சோறு போட ஒரு தனி வேலைக்காரன். நேரத்துக்கு வந்து போடுவான், போட்டதற்கு அடையாளமாக ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டுவான், போய்விடுவான். சோறு எப்படிப் போடுவது என்று காட்ட அது போதும். நிஜ இயந்திரத்தில் அதை வைத்தால் ஆபத்து. உள்ளே எஜமான் செத்துக்கிடப்பான், வெளியே வேலைக்காரன் சோறு போட்டுக்கொண்டே இருப்பான், நாய் வயிறு நிறைந்து படுத்திருக்கும். இப்படிச் செய்யாதீர்கள் என்று மேலேயே விளக்கமும் எழுதியிருந்தேன்.

அது போதாது, எஜமானை எட்டிப் பார்த்துவிட்டுச் சோறு போடும்படி உதாரணத்தையே மாற்ற வேண்டும் என்று திருத்தம் அனுப்பி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் எங்கள் தலைமைப் பராமரிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதைக் கொடுத்தாலும் வெட்டுவார். உதாரணம் என்றால் சின்னதாக இருக்க வேண்டும், இது இரண்டு மடங்கு ஆகிறது, இதைக் காப்பியடித்து யாராவது மாட்டிக்கொண்டதாக ஒரே ஒரு கேஸ் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். டயாலிசிஸ் வார்டில், அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குச் சுடச்சுட பதில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றது நாத்தனாரைத்தான். என் கணவருக்கு மூத்தவர், தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அவர் தம்பி வேலைக்காக வெளியூரில் கிடக்க, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து கட்டுரை எழுதக்கூடிய நான் துணைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. போன முறை இங்கிருந்த பழைய இயந்திரம் பழுதாகி, ரத்தம் சுத்தம் செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் உடம்பில் நீர் ஏறியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, சாய்ந்தால் மூச்சு முட்டி, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

பழையதன் இடத்தில் புத்தம் புது இயந்திரம் வந்திருந்தது. முன்னால் இருந்த நோயாளிக்கு முடிக்கும்போது திரை உறைந்துவிட்டதாம். இது அடிக்கடி இப்படித் தூங்கிவிடும், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே அணைத்துப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடின. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைப் படிக்காமல் இருக்க முடியாது. நிமிர்ந்து பார்த்தேன்.

நாய் சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டாச்சா?

ஒரு நொடி சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டேன். இயந்திரத்தின் தலையில் ஒரு பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்திருந்தது. என் உதாரணத்தில் நான் சொன்ன அதே தாளத்தில்.

அக்காவின் கையில் ஊசி ஏற்றப் போன நர்ஸை நிறுத்தினேன். என்னத்தைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, கடைசியில் டாக்டரையே கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் நல்ல மனிதர். கோபப்படாமல் கேட்டார். எல்லாச் சான்றிதழும் வாங்கிய இயந்திரம்தான், பச்சை விளக்கு சிமிட்டுகிறவரை கவலையில்லை என்று கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியனே சொல்லியிருக்கிறார் என்றார். அந்த விளக்கைச் சிமிட்டுகிறவன் வெறும் வேலைக்காரன், அவனுக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது என்றேன். வேறு நாற்காலி தரட்டுமா என்று அவரே தேடிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. மறுநாள் காலைதான் இடம். அதுவரை இவங்க நுரையீரல் தாங்காது என்று என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னார். நாய், சோறு, வேலைக்காரன் என்று சொல்லி முடித்தேன்.

“அளவுக்குக் குடுத்த சட்டையில இருந்த கிழிசலையும் சேர்த்துத் தைச்சிட்டான்னு சொல்லு” என்றார்.

“ஆமாக்கா.”

மூச்சு வாங்க வாங்க நர்ஸ் பக்கம் திரும்பினார். “ஏத்துங்க சிஸ்டர். ஏத்தலைன்னாலும் மூச்சு முட்டித்தான் போகப்போறேன். அந்த நாய் தூங்கினாத் தூங்கட்டும். இவ முழிச்சிருப்பா.”

இத்தனை வருடத்தில் என்னை நம்பி ஒரு ரவிக்கைக்குப் பொத்தான் தைக்கக்கூட அவர் கொடுத்ததில்லை. இப்போது உயிரையே கொடுத்தார். வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

நர்ஸிடம் எந்த எண் ஓயாமல் மாறும் என்று கேட்டேன். உடம்பிலிருந்து எடுத்த நீரின் அளவைக் காட்டினார். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இயந்திரத்தின் பின்னால் மாட்டியிருந்த ஒரு கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். கரண்ட் போனால், அதைப் பம்பில் செருகிக் கையால் சுற்றி, குழாயில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிட வேண்டுமாம்.

“நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல” என்றார் நர்ஸ். “ஆனா இது நின்னதை நான் ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கேன். கூப்பிடுங்க, வந்துடறேன்.”

பம்பு சுழன்றது. ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பியது. நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக அந்த எண்ணையே பார்த்தேன். அது ஏறியது, நின்றது, ஏறியது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எனக்கும் மூச்சு நின்றது. கண்ணை இமைக்கிறாயா இல்லையா என்று அக்கா கிண்டல் செய்தார். நேரம் போகப் போக அவருக்கு மூச்சு இலகுவாகிப் பேச்சு குறைந்தது, சாய்ந்து படுத்துக் கண்ணயர்ந்தார். திரையைப் படம் எடுத்துக் கத்தரிக்கு முன்பே அனுப்பியிருந்தேன். அவர் போன் செய்தார். எந்தக் கம்பெனி, எத்தனை இயந்திரம் என்று அடுக்கினார். எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு எண் நின்றது.

முன்பும் நின்றிருக்கிறதே, ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. கொஞ்சம் பொறு, அவசரப்பட்டுக் கத்திச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் மிச்ச நீர் உள்ளேயே நின்றுவிடும் என்று ஒரு மனம் சொன்னது. பச்சை விளக்கு ஒரு குறையும் இல்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. திரையில் ரத்த அழுத்தம் நல்ல ஆரோக்கியமாக இருந்தது. பம்பும் சுழன்றுகொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றி முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை.

“சிஸ்டர், நின்னுடுச்சு.”

வார்டே திரும்பிப் பார்க்கும்படிதான் கத்தியிருக்கிறேன். நர்ஸ் ஓடிவந்து திரையைத் தொட்டார். அது அசையவில்லை. கையால் அழுத்தம் பார்க்கும் கருவியை அக்காவின் கையில் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, இயந்திரத்தை அணைத்தார். அளவு தெரியாமல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது, அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. குழாயில் நின்ற ரத்தம் உறைவதற்குள் உள்ளே போயாக வேண்டும். உப்புநீர் ஏற்றவும் அக்காவின் காலைத் தூக்கி வைக்கவும் அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பம்பில் செருகி என்னிடம் கொடுத்தார்.

“மெதுவா. ஒரே சீரா. நிறுத்தாதீங்க.”

சுற்றினேன். சிவப்பான குழாய் மெல்ல நகர்ந்தது. கை தளர்ந்தால் வேகம் மாறியது, வேகம் மாறினால் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். நாத்தனாரின் ரத்தத்தை அவர் உடம்புக்குள் என் கையால் தள்ளிக்கொண்டிருந்தேன். கடவுளே என்றுகூட நினைக்கத் தோன்றவில்லை, சீரா, சீரா என்று மட்டும்தான் ஓடியது. சிவப்பு வெளிறி, இளஞ்சிவப்பாகி, கடைசியில் குழாய் தண்ணீராகத் தெரிந்தது. போதும் என்று டாக்டரின் குரல் கேட்டது. அவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“மூச்சு இப்போ முட்டல. நீ ஏன் அழற?” என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் தெரிந்தது. அடக்கவும் இல்லை.

டாக்டர் அந்த டெக்னீஷியனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். பாவம், அவன் ஒளிக்கவே இல்லை. அதிகாரபூர்வ விளக்கத்தில் இருந்ததையே போட்டோம், அதைவிட நம்பிக்கையானது எது என்று திருப்பிக் கேட்டான். மேலே இருந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லையா என்றேன். “விளக்கத்தை எல்லாம் நீக்கிட்டுத்தான் மேடம் மெஷின்ல போடுவோம். இடத்தை அடைக்கும்” என்றான். போனை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். இதற்குள் கத்தரியிடமிருந்து செய்தி வந்திருந்தது. என் திருத்தத்தை ஒரு எழுத்துகூட வெட்டாமல் சேர்த்துவிட்டார். இனிமேல் காப்பியடிக்கிறவர்களுக்கு நல்ல நாய் கிடைக்கும். ஏற்கெனவே காப்பியடித்தவர்களுக்கு அது போய்ச் சேராது.

டாக்டர் கம்பெனியின் மேலதிகாரியைப் பிடிக்கப் போனார். நர்ஸ் குழாய்களைச் சுருட்டிக்கொண்டே, இதோடு சேர்ந்து வந்தவை எல்லாம் பக்கத்து ஹாலில்தான் ஓடுகின்றன, இந்நேரம் அங்கே ஒரு நாற்காலிகூடக் காலி இருக்காது என்றார். அக்கா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னை என்ன வேடிக்கை பாக்குற? போ.”

நர்ஸும் நானும் ஓடினோம். கதவைத் திறந்ததும் தெரிந்தது வரிசையாகச் சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள்தான். நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனில் மூழ்கியிருந்தார்கள். நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து தொடங்க, நான் இந்தக் கோடியில் முதல் நாற்காலியிடம் போனேன். தூங்கும் மனைவியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒருவர், நான் இயந்திரத்தையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு ஆறுதலாகச் சிரித்தார்.

“நல்லா ஓடுதுங்க. பச்சை விளக்கு எரியுது பாருங்க.”

எண்ணைப் பார்த்தேன். அது மாறும்வரை அங்கேயே நின்றேன். மாறியது. அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, இது நின்றால் உடனே கத்துங்கள், வெட்கப்படாதீர்கள் என்றேன். விளக்கு எரிகிறதே, அப்புறம் எதற்கு என்று அவர் கேட்டார்.

“அந்த விளக்கை எரியவெச்சதே நான்தாங்க. அதை நம்பாதீங்க.”